தடமும் நடையும்

காவிரி தெற்கிலும் கொள்ளிடம் வடக்கிலும் ஓட, அவ்விரண்டுக்கும் நடுவே தீவாய் அமைந்தது திருவரங்கம். திருச்சிராப்பள்ளியிலிருந்து அங்குச் செல்வோர் காவிரியைக் கடத்தல் வேண்டும். சென்னையிலிருந்து விருத்தாசலம், அரியலூர், இலால்குடி வழியாக வருவோர் கொள்ளிடத்தைக் கடத்தல் வேண்டும். இருப்புப்பாதையில் வரும் வண்டிகளும் சாலையில் வரும் பேருந்துகளும் எத்தனை ஊர்களிலிருந்து புறப்பட்டனவாயினும், ஆற்றங்கரையை அணுகியதும் சில பாலங்களை நோக்கி ஒடுங்கிவிடுகின்றன. பாலத்தின்மேல் ஒரு வண்டி விரைகிறது. அஃது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அஃது எந்த வண்டி என்பதோ, கண்ணால் மட்டும் தெரிவதன்று.

‘எங்கே?’ என்னும் வினா வேறு, ‘எது?’ என்னும் வினா வேறு. முதல் வினாவிற்கு வானில் சுற்றும் செயற்கைக் கோள்கள் இன்று நொடிப்பொழுதில் விடையளிக்கின்றன. இரண்டாம் வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை, கால அட்டவணையில் எழுதப்பட்ட பயணத்தோடு பொருத்திக் காணவேண்டும். அப்பொருத்தம் பிழைபட்டால், வராத வண்டிக்கு மக்கள் காத்திருப்பர். வந்த வண்டியைத் தவறவிடுவர்.

திருவரங்கம் நிலையத்தில் நிற்கும் பயணி ஒருவர், “பல்லவன் வந்துவிட்டதா?” என்று வினவுகிறார். அவர் வினவுவது ஓர் எஞ்சினைப் பற்றி அன்று. பெட்டிகளைப் பற்றியும் அன்று. பல்லவன் என்பது சென்னை எழும்பூருக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடும் விரைவு வண்டியின் பெயர். சென்னையிலிருந்து வரும்போது அதன் எண் 12605. சென்னைக்குச் செல்லும்போது 12606. பயணிகள் வண்டிகளுக்கு இவ்வாறு ஐந்து இலக்க எண் வழங்கும் முறை 2010ஆம் ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. இவ்வெண்ணை எஞ்சினின் மேல் தேடினால் காண இயலாது. எஞ்சினுக்கு உரிய எண் வேறு. இன்ன ஊரிலிருந்து இன்ன நேரத்தில் புறப்பட்டு, இன்னின்ன நிலையங்களில் நின்று, இன்ன நேரத்தில் இன்ன ஊரை அடையும் என்று இரயில்வே துறை மக்களுக்குக் கொடுத்த வாக்கே அவ்வெண். அவ்வாக்கை நிறைவேற்ற இன்று ஓர் எஞ்சின் வரும். நாளை மற்றோர் எஞ்சின் வரும். காலையில் ஒரு பெயரோடு வந்த பெட்டித்தொடர் மாலையில் வேறொரு பெயரோடு புறப்படுதலும் உண்டு.

பேருந்திலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பேருந்து செல்லும் வழியைத் தடம் என்பர். அத்தடத்தில் ஒருமுறை சென்று சேர்வதை நடை என்பர். ஒரே பேருந்து ஒரு நாளில் பல நடைகள் செல்கிறது. ஒரே தடத்தில் பல பேருந்துகள் ஓடுகின்றன. திருச்சிராப்பள்ளி மத்தியப் பேருந்து நிலையத்தையும் திருவரங்கத்தையும் இணைக்கும் ஒன்றாம் எண் தடத்தை அறியாதார் அவ்வூரில் இலர். ‘ஒன்றாம் எண் வருகிறது’ என்று ஒருவர் கூறும்போது, அவர் கருதுவது அப்பேருந்தின் பதிவெண்ணை அன்று. அது செல்லும் தடத்தையே.

செயற்கைக் கோள்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, வண்டியையும் பயணத்தையும் பொருத்தும் வேலையை இரயில்வே ஊழியர் திறம்படச் செய்து வந்தனர். திருச்சிராப்பள்ளி ஒரு காலத்தில் தென்னிந்திய இரயில்வேயின் தலைமையிடமாக விளங்கிய நகரம். 1951ஆம் ஆண்டு தெற்கு இரயில்வே உருவாகிச் சென்னை அதன் தலைமையிடமான பின்னரும், திருச்சிராப்பள்ளி ஒரு கோட்டத்தின் தலைமையிடமாக விளங்குகிறது. இத்தகைய கோட்டங்கள் ஒவ்வொன்றிலும் கட்டுப்பாட்டறை என்று ஓர் இடம் உண்டு. அங்கே அமர்ந்திருப்பவருக்கு ஒரு வண்டியும் கண்ணில் படுவதில்லை; வண்டியின் ஊதலும் காதில் விழுவதில்லை. எனினும், தம் பகுதியில் ஓடும் வண்டிகள் அனைத்தின் நிலையையும் அவர் அறிவார்.

அதற்குத் துணை செய்தவை ஒரு தொலைபேசியும் ஒரு பெரிய வரைபடத் தாளும் ஆகும். தாளின் குறுக்கே மணிகளும் நிமிடங்களும் குறிக்கப்பட்டிருக்கும். மேலிருந்து கீழாக இலால்குடி, வாளாடி, திருவரங்கம், பொன்மலை, திருச்சிராப்பள்ளி சந்திப்பு முதலிய நிலையங்கள், அவற்றினிடையே உள்ள தொலைவுக்கு ஏற்ப வரிசையாக எழுதப்பட்டிருக்கும். ஒரு வண்டி ஒரு நிலையத்தைக் கடந்ததும், நிலையத்தில் உள்ளவர் அந்நேரத்தைத் தொலைபேசியில் கூறுவார். கட்டுப்பாட்டாளர் உரிய இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளை இணைத்தால் சாய்ந்த கோடு ஒன்று உருவாகும். அக்கோடே வண்டியின் பயணம். கோடு செங்குத்தாக இறங்கினால் வண்டி விரைகிறது என்பது பொருள். படிந்து சாய்ந்தால் மெல்லச் செல்கிறது என்பது பொருள். தாளின் குறுக்கே நேராகப் படுத்துவிட்டால் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறது என்பது பொருள். எதிரெதிராக வரும் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம், இரு வண்டிகள் சந்திக்கும் இடமாகும். ஒரே திசையில் செல்லும் கோடுகளுள் ஒன்று மற்றொன்றை நெருங்கினால், பின்னே வரும் வண்டிக்கு விரைவில் வழிவிட வேண்டும் என்பது தெரியும். இவ்வரைமுறையை வகுத்தவர் இப்ரி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் என்பர். பாரிசுக்கும் இலியோன் நகருக்கும் இடையே ஓடிய வண்டிகளை இம்முறையில் காட்டும் படம் ஒன்றை, மாரே என்னும் அறிஞர் 1885ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் பதிப்பித்தார். அது பல பக்க அட்டவணையை ஒரு பார்வையில் உணர்த்தும் படம். இன்று தாள் போய்க் கணினித் திரை வந்துவிட்டது; கோடுகள் மாறவில்லை.

இம்முறையில் வண்டியின் அடையாளம் ஒருபோதும் நழுவுவதில்லை. ஒரு நிலையத்தார் வண்டியை அனுப்புமுன், அடுத்த நிலையத்தாரிடம் அவ்வண்டியின் எண்ணைச் சொல்லி, பாதை ஒழிந்துள்ளதா என வினவுவர். அவர் இசைவு தந்த பின்னரே வண்டி புறப்படும். வண்டியை வாங்கிக்கொண்டவர், தமக்கு அடுத்தவரிடம் அதே எண்ணைச் சொல்வார். தீயணைக்க வரிசையாய் நிற்போர் நீர்க்குடத்தைக் கைமாற்றுவது போல, நிலையத்துக்கு நிலையம் அவ்வெண் கைமாறிச் செல்லும். வண்டி ஓடியது இருப்புப்பாதையில். அதன் பெயர் ஓடியது மனிதர் வாய்மொழியில்.

எண்ணை அறிவதனால் விளையும் பயன் யாது? இலால்குடியை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு வண்டிகள் வருகின்றன என்று கொள்க. முன்னது சரக்கு வண்டி. பின்னது விரைவு வண்டி. முன்னதைப் பக்கப்பாதையில் நிறுத்திப் பின்னதற்கு வழிவிடல் வேண்டும். எது எதுவென்று அறியாவிடின், நூற்றுக்கணக்கான பயணிகள் சரக்கு வண்டியின் பின்னே ஊர்ந்துவர நேரிடும். திருச்சிராப்பள்ளியில் வேறு வண்டிக்கு மாற வேண்டியோர் அதனைத் தவறவிடுவர். இங்கு ஒன்றை மறந்துவிடலாகாது. வண்டிகள் மோதாமல் காப்பது இவ்வெண் அன்று. ஒரு பகுதிக்குள் ஒரு வண்டி இருக்கும்போது மற்றொன்றை அதனுள் விடாத கைகாட்டி முறையே அப்பணியைச் செய்கிறது. எண் பிழைபட்டால் உயிருக்கு ஊறு நேராது. ஒழுங்குக்கும் பயணிகளின் பொழுதுக்குமே ஊறு நேரும்.

தொலைபேசி முறையில் ஒரு குறை இருந்தது. இரு நிலையங்களுக்கு இடையே வண்டி எங்குள்ளது என்பது எவருக்கும் தெரியாது. அக்குறையைப் போக்க, இரயில்வே துறையினர் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து ஒரு முறையை வகுத்தனர். எஞ்சினில் பொருத்தப்பட்ட சிறு கருவி, பல செயற்கைக் கோள்களிலிருந்து வரும் நேரக் குறிப்புகளைப் பெறுகிறது. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகள் கிடைத்தால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தான் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். பின்னர் 30 நொடிக்கு ஒருமுறை அவ்விடத்தைத் தலைமைக் கணினிக்குத் தெரிவிக்கிறது. நிலையத்தை அடைந்த நேரமும், விட்டுப் புறப்பட்ட நேரமும், நில்லாது கடந்த நேரமும் கட்டுப்பாட்டறை வரைபடத்தில் தாமே பதிவாகின்றன. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் இரயில்வே அமைச்சகம் அறிவித்தபடி, முதற் கட்டத்தில் 21 மின் எஞ்சின் பணிமனைகளைச் சேர்ந்த 2,700 எஞ்சின்களில் இக்கருவி பொருத்தப்பட்டது. அடுத்த கட்டத்தில் மேலும் 6,000 எஞ்சின்களில் பொருத்தத் திட்டமிடப்பட்டது.

இனி, சிக்கலைக் காண்க. கருவி இருப்பது எஞ்சினில். ஆதலின் அது கூறுவது, ‘இன்ன எண்ணுள்ள எஞ்சின் இன்ன இடத்தில் இருக்கிறது’ என்பதே. ‘நான் பல்லவன்’ என்று அது கூறுவதில்லை; கூறவும் அறியாது. எஞ்சினை வண்டியோடு இணைக்கும்போது, ‘இந்த எஞ்சின், இந்த நாளில், இந்த வண்டிக்கு’ என்று ஒருவர் கணினியில் எழுதி வைத்தால்தான் இரண்டும் பொருந்தும். இடைவழியில் எஞ்சினை மாற்றி, அம்மாற்றத்தை எழுத மறந்தால் என்ன ஆகும்? பழைய எஞ்சின் பணிமனையில் ஓய்வெடுக்கும். வண்டியும் அங்கேயே நிற்பதாகத் திரை காட்டும். உண்மையில் வண்டியோ புதிய எஞ்சினோடு அடுத்த ஊரை நெருங்கிக்கொண்டிருக்கும். இடத்தைக் கூறிய கருவி பொய் சொல்லவில்லை. பெயரைப் பொருத்தியதில்தான் பிழை.

நாளைக் குறிப்பதிலும் இடர் உண்டு. மலைக்கோட்டை விரைவு வண்டி சென்னையில் இரவில் புறப்பட்டு, நள்ளிரவைக் கடந்து, விடியற்காலையில் திருவரங்கத்தை அடைகிறது. பதினான்காம் நாள் இரவு புறப்பட்ட வண்டி, திருவரங்கத்தில் நிற்கும்போது நாட்காட்டி பதினைந்து என்கிறது. ஆயினும் அது பதினான்காம் நாள் வண்டியே. புறப்பட்ட நாளே வண்டியின் நாள் என்று வரையறுத்தாலன்றி, கணினி பதினைந்தாம் நாள் வண்டியைத் தேடும். அதுவோ இன்னும் புறப்படவே இல்லை. நெடுந்தொலைவு வண்டிகளில் இவ்விடர் மேலும் பெரிது. திப்ரூகருக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் விவேக் விரைவு வண்டி, ஊர் சேர மூன்று நாட்களுக்கு மேலாகிறது. முதல் நாள் புறப்பட்டது சேருமுன்னே அடுத்ததும் புறப்பட்டுவிடும். ஒரே எண் கொண்ட வண்டிகள் ஒரே நேரத்தில் பாதையின்மேல் வெவ்வேறு மாநிலங்களில் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணோடு நாளும் சேர்ந்தால்தான் வண்டி இன்னது எனத் துணிய இயலும்.

இருப்புப்பாதையில் வண்டி பாதையை விட்டு விலகாது. சாலையிலோ அத்தகைய கட்டுப்பாடு இல்லை. கருவி பொருத்திய நகரப் பேருந்து ஒன்று திருச்சிராப்பள்ளிச் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து வடக்கே செல்கிறது என்று கொள்க. சற்று நேரத்தில் அது காவிரிப் பாலத்தின் நடுவே இருப்பதாகச் செய்தி வருகிறது. அது செல்லும் ஊர் எது? சத்திரத்திலிருந்து திருவரங்கம் செல்லும் பேருந்தும் அப்பாலத்தின் மேல்தான் செல்லும். சமயபுரம் செல்வதும், மண்ணச்சநல்லூர் செல்வதும், இலால்குடி செல்வதும் அப்பாலத்தின் மேல்தான் செல்லும். இடத்தைத் துல்லியமாக அறிந்தும், அதனால் எப்பயனும் இல்லை. மாம்பழச்சாலையைக் கடந்தபின்னரே வழிகள் பிரியத் தொடங்குகின்றன. அம்மாமண்டபம் வழியாகவும் திருவரங்கம் செல்லலாம். திருவானைக்காவல் வழியாகவும் செல்லலாம். திருவானைக்காவலைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டை அடைந்துவிட்டால், அது திருவரங்கப் பேருந்து அன்று என்பது உறுதியாகும். ஆனால் அதற்குள், திருவானைக்காவலில் காத்திருந்தவர் பேருந்தைக் கண்ணாலேயே கண்டிருப்பார். காலம் கடந்து வரும் விடையால் அவருக்கு என்ன பயன்?

இடத்தைக் கூறும் கருவியும் எப்போதும் துல்லியமானதன்று. திறந்த வெளியில் சில மீட்டர் அளவே பிழை நேரும். உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த தெருவில், கோள்களின் குறிப்புகள் சுவர்களில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை பெருகும். பேருந்து ஒரு தெருவில் நிற்க, அடுத்த தெருவில் நிற்பதாகக் கருவி கூறும். ஆற்றின் நடுவே மிதப்பதாகக் கூறினாலும் வியப்பதற்கில்லை. புள்ளிக்கு மிக அருகில் உள்ள சாலை எதுவோ அதுவே பேருந்தின் சாலை என்று கொண்டால், பேருந்து தெருவுக்குத் தெரு தாவிக் குதிப்பதாகத் தோன்றும்.

இவ்விடரைத் தீர்க்கும் வழி, எழுத்துகளை எண்ணிய ஓர் அறிஞரிடமிருந்து கிடைத்தது என்பது சுவையான செய்தி. இரசிய நாட்டுக் கணித அறிஞர் மார்க்கோவ், 1913ஆம் ஆண்டில் புஷ்கின் இயற்றிய ‘யூஜின் ஒனேகின்’ என்னும் நூலின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்துக்கொண்டு, அவற்றுள் உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று எண்ணினார். உயிர் 8,638, மெய் 11,362. அஃதாவது, நூற்றுக்கு 43 உயிர்கள். ஆனால் ஓர் உயிரை அடுத்து மற்றோர் உயிர் வருவது நூற்றுக்கு 13 முறையே. முன் வந்த எழுத்து எது என்பது, பின் வரும் எழுத்து எது என்பதை ஓரளவு முன்னறிவிக்கிறது என்று அவர் காட்டினார். தமிழில் உயிரீற்றின் முன் உயிர் வரின் இடையே உடம்படுமெய் தோன்றுவதை அறிந்த மாணவருக்கு இக்கருத்துப் புதிதாய்த் தோன்றாது.

எழுத்துக்கு உள்ள இத்தொடர்பு வண்டிக்கும் உண்டு. இப்போது இருக்கும் இடம், சற்று முன் இருந்த இடத்திலிருந்து சென்று சேரக்கூடியதாய் இருத்தல் வேண்டும். 2009ஆம் ஆண்டில் நியூசன், கிரம் என்னும் இருவர் மார்க்கோவின் சங்கிலியைச் சாலைகளுக்குப் பொருத்திக் காட்டினர். அவர்கள் முறைப்படி, ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள சாலைகள் அனைத்தும் முதலில் குறித்துக்கொள்ளப்படும். பின்னர் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குச் சாலை வழியாகச் செல்லும் தொலைவு இயல்பானதா என்று பார்க்கப்படும். தனித்தனிப் புள்ளிக்கு ஏற்ற சாலையைத் தேர்வது நோக்கமன்று. முழுத் தொடருக்கும் ஏற்ற வழியைத் தேர்வதே நோக்கம். எடுத்துக்காட்டாக, முதற்புள்ளி திருவானைக்காவல் சாலையில் விழுகிறது. மூன்றாம் புள்ளியும் அங்கேயே விழுகிறது. இடையிலுள்ள ஒன்று மட்டும் அம்மாமண்டபச் சாலைக்கு அருகில் விழுகிறது. அரை நிமிடத்தில் அங்குச் சென்று மீள்வது எப்பேருந்துக்கும் ஆகாது. ஆதலின் நடுப்புள்ளி பிழை என்று தள்ளப்படும்.

சாலை தெரிந்துவிட்டது, தடமும் தெரிந்துவிட்டது. எஞ்சியது நடை. அரிதினும் அரியது இதுவே. ஒரு தடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடுகிறது என்றும், அவை சத்திரத்தை 10.20, 10.30, 10.40 மணிகளுக்கு அடைதல் வேண்டும் என்றும் கொள்க. முதற்பேருந்து கடைத்தெரு நெரிசலில் சிக்கி, 10.31 மணிக்குச் சத்திரத்தை அடைகிறது. நேரத்தை மட்டும் நோக்கும் கணினி யாது கருதும்? ‘இது 10.30 மணி நடை. ஒரு நிமிடமே தாமதம்’ என்று மகிழ்ச்சியோடு எழுதிக்கொள்ளும். உண்மையில் இது பதினொரு நிமிடம் தாமதமான முதல் நடை. இரண்டாம் பேருந்து 10.33 மணிக்கு வந்ததும், அதனை 10.40 மணி நடை என்று எழுதும். ஏழு நிமிடம் முன்னதாகவே பேருந்து வந்துவிட்டதாம்! மூன்றாம் பேருந்து வரும்போது அதற்கு ஒதுக்க ஒரு நடையும் இராது. ஒருவர் இருக்கை மாறி அமர்ந்தால் வரிசை முழுவதும் மாறிப்போவது போல, ஒரு பிழை எல்லாவற்றையும் பிழையாக்கிவிடும்.

ஒன்றாம் எண் பேருந்து ஏதேனும் ஒன்று வந்தால் போதும் என்பவருக்கு இதனால் கேடில்லை. ஒரு நாளைக்குச் சில நடைகளே உள்ள சிற்றூர்த் தடங்களில்தான் கேடு முழுவதும் விளங்கும். கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஓர் ஊருக்குச் செல்லும் கடைசிப் பேருந்தை எண்ணிப் பார்க்க. சந்தைக்கு வந்த பெண்மணியும் மாலை வகுப்பு முடித்த மாணவனும் அதற்காகச் சாலையோரம் நிற்கின்றனர். அதற்கு முந்திய நடை மிகத் தாமதமாகிச் செல்ல, கணினி அதனையே கடைசி நடை எனப் பொருத்திவிட்டால், ‘கடைசிப் பேருந்து சென்றுவிட்டது’ என்று கைப்பேசி கூறும். அதை நம்பி அவர்கள் ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துப் புறப்பட்டபின், பேருந்து வரும். இதற்கு மாறான பிழையோ மேலும் கொடிது. சென்றுவிட்ட பேருந்தை ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று கூறினால், அவர்கள் இருளில் நின்றுகொண்டே இருப்பர். செய்தி ஏதும் இல்லாதிருந்தால், அருகில் உள்ளவரிடம் கேட்டாவது தெளிந்திருப்பர். பிழையான செய்தி அக்கேள்வியையும் கேட்கவொட்டாமல் செய்துவிடுகிறது.

இவ்வகைப் பிழையைத் தவிர்க்கக் கணினிக்கு நினைவாற்றல் வேண்டும். பேருந்து புறப்படும் இடத்திலேயே அதன் நடையை உறுதி செய்து, வலுவான காரணம் இருந்தாலன்றி இடைவழியில் மாற்றாதிருத்தல் ஒரு விதி. ஒரு நடைக்கு ஒரு பேருந்தே என்பது மற்றொரு விதி. தாமதம் ஆவது இயல்பு, மிக முன்னதாக வருவது இயல்பன்று என்பதையும் கணக்கில் கொள்வர். இவ்வளவும் செய்த பின்னரும், நடை முடியும் இடத்தில் ஐயம் தோன்றும். திருவரங்கத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருக்கிறது. அது பழைய நடையை முடித்து ஆளிறக்குகிறதா? அடுத்த நடைக்கு ஆளேற்றுகிறதா? நிற்கும் வண்டியிடம் திசை இல்லை. அது நகர்ந்து, தெற்கு நோக்கித் திரும்பிய பின்னரே தெளிவு பிறக்கும்.

வழியே மாறிவிட்டால் என் செய்வது? 1976ஆம் ஆண்டு முதல் பயன்பட்டு வந்த காவிரிப் பாலம், 2022ஆம் ஆண்டின் இறுதியில் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு, 2023ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது. அத்திங்கள்களில் திருவரங்கம் செல்லும் பேருந்துகள், கிழக்கே உள்ள சென்னைப் புறவழிச் சாலைப் பாலத்தின் வழியாகச் சுற்றிச் சென்றன. தடத்தின் எண் மாறவில்லை, தடம் மாறிவிட்டது. பழைய வழியை மட்டும் மனத்திற் கொண்ட கணினி இத்தகைய பேருந்தைக் கண்டால், ‘இஃது எத்தடத்திலும் இல்லை’ என்று ஒதுக்கிவிடும். திரையில் ஒரு பேருந்தும் தோன்றாது. சாலையிலோ பேருந்துகள் நிறையச் சென்றுகொண்டிருக்கும். இதற்குக் கணிதம் மருந்தாகாது. வழிமாற்றம் தொடங்குமுன், அலுவலகத்தில் ஒருவர் அமர்ந்து புதிய வழியையும், அதற்குக் கூடுதலாக ஆகும் நிமிடங்களையும் அட்டவணையில் எழுதி வைத்தல் வேண்டும்.

பேருந்து பழுதுபட்டு மாற்றுப் பேருந்து அனுப்பப்படும் நாளிலும் இவ்வாறே. பதிவேட்டில் ஒரு பேருந்து. சாலையில் வேறொரு பேருந்து. நியூயார்க் நகரத்தார் இதற்கு ஒரு வழி கண்டனர். 2011ஆம் ஆண்டில் புரூக்ளின் பகுதியில் ஒரு தடத்தில் தொடங்கி, 2014ஆம் ஆண்டில் நகரெங்கும் பரவிய அவர்களது பேருந்துச் செய்தி முறையில், இடத்தோடு பேருந்தின் நெற்றியில் ஒளிரும் ஊர்ப்பலகையின் குறியீட்டையும் கணினி பெற்றுக்கொண்டது. பயணிகளுக்காக ஓட்டுநர் மாற்றும் பலகையே கணினிக்கும் சான்றாயிற்று. சென்னை மாநகரப் பேருந்துகளின் இருப்பிடத்தைக் காட்டும் ‘சென்னை பஸ்’ என்னும் கைப்பேசிச் செயலி 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டுப் பேருந்துகளில் இன்னும் நல்லதொரு சான்று நடத்துநரின் கையிலேயே உள்ளது. பயணச்சீட்டு அச்சிடும் சிறு கருவியில், தடமும் நடையும் குறித்த பின்னரே அவர் சீட்டு வழங்கத் தொடங்குகிறார். காவிரிப் பாலத்தின் நடுவே நின்று செயற்கைக் கோளால் சொல்ல முடியாததை, சத்திரத்தில் அவர் அழுத்திய ஒரு பொத்தான் முன்னரே சொல்லியிருக்கிறது. அப்பொத்தானின் செய்தியும் கோளின் செய்தியும் ஒரே கணினியை அடைந்தால், ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்தும் இருந்தும், பெயரிட இயலாத வண்டிகள் சில இருந்தே தீரும். வைகுண்ட ஏகாதசி நாளில் திருவரங்கத்திற்குச் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. ஆள் நிறைந்ததும் அவை புறப்படும். கூட்டம் குறைந்ததும் நின்றுவிடும். அட்டவணையில் அவற்றுக்கு நேரம் இல்லை. அவற்றை ஏதேனும் ஒரு நடையோடு வலிந்து பொருத்துவதைவிட, நேரம் குறிக்காமல், இருக்கும் இடத்தையும் செல்லும் ஊரையும் மட்டும் காட்டுவதே நேர்மை. ‘திருவரங்கம் செல்லும் பேருந்து மாம்பழச்சாலையைக் கடந்துவிட்டது’ என்னும் ஒரு வரி, அடுத்த நிறுத்தத்தில் குழந்தையைத் தோளில் சுமந்து நிற்பவருக்குப் போதுமானது.